முதலில் சான்றிதழ், பிறகு கல்லூரிக் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வரும் வாரத்தில் மாவட்ட வாரியான தேர்ச்சி விழுக்காடும் முதலிடம் பெற்றவர்களின் படங்களும் முதல் பக்கத்தை நிறைத்துவிடுகின்றன. உள்பக்கத்தில் ஒரு கட்ட விளம்பரம்: "பத்தாவது ஃபெயிலா? பிளஸ் 2 பாதியில் நின்றவரா? ஒரே சிட்டிங்கில் டிகிரி, தவணையில் கட்டலாம்." மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் இதே வாசகம்தான். எல்லா ஆண்டுத் தேர்வையும் ஒரே தடவையில் எழுதிப் பட்டம் வாங்கிவிடலாம் என்பதே அதன் பொருள். அந்த எண்ணுக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியதை, பள்ளி அலுவலகத்திலும் கல்லூரி அலுவலகத்திலும் இந்தக் காகிதங்களைப் பல ஆண்டுகள் கையாண்டவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" பதில், பிள்ளையின் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உதவித்தொகை, கட்டணச் சலுகை, வங்கிக் கடன், அரசுக் கல்லூரி இடம் எல்லாமே தேர்ச்சிச் சான்றிதழைக் கேட்கும். அது இல்லாதவருக்குத் திறந்திருக்கும் கதவுகளில் சில இலவசம். சில மிக விலையுயர்ந்தவை, அவற்றால் பயனும் இல்லை. எனவே கையில் இருக்கும் முதல் ஆயிரம் ரூபாயைக் கல்லூரி முன்பணமாகக் கட்டக் கூடாது; விடுபட்ட தேர்வை முடிக்கச் செலவிட வேண்டும். பெரும்பாலும் அந்த ஆயிரம்கூடத் தேவைப்படாது.

ஒன்றிரண்டு பாடத்தில் தேறாமல் நிற்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், ஏமாறுவதிலும் அவர்களே அதிகம். மே மாதம் முடிவு வந்ததும், தவறிய பாடத்தை மறுபடி எழுதும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள். ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் தேர்வு நடந்துவிடும். அந்த ஆண்டு படித்தவர்கள் படித்த பள்ளி வழியாகவும், முந்தைய ஆண்டுகளில் நின்றவர்கள் அரசுத் தேர்வுகள் சேவை மையம் வழியாகத் தனித்தேர்வராகவும் விண்ணப்பிக்க வேண்டும். மேல்நிலைத் தேர்வுக்குப் பாடத்துக்கு ரூ.50, அதோடு இதரக் கட்டணம், இணையப் பதிவுக் கட்டணம். ஒரு பாடம் மட்டும் என்றால் மொத்தம் இருநூறு ரூபாயைத் தாண்டுவதில்லை. கடைசி நாளைத் தவறவிட்டால் தட்கலில் கட்டலாம். ஆனால் மேல்நிலைக்கு அதற்கு மட்டும் கூடுதலாக ரூ.1,000 ஆகிறது. விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு என்பதால் தட்கலுக்குப் போய் மாட்டுபவர்கள் நிறைய. இந்த அறிவிப்பை எட்டாம் பக்க மூலையில் போடாமல், முடிவுச் செய்தியின் பக்கத்திலேயே பெட்டி கட்டிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்கே அடிக்கடி நடக்கும் சிக்கல் இரண்டு. முதலாவது, பிளஸ் 1 அரியர். பிளஸ் 1-க்கும் பொதுத்தேர்வு நடந்த ஆண்டுகளில் படித்தவர்கள் பிளஸ் 2-வில் ஆறு பாடமும் தேறியிருப்பார்கள். பிளஸ் 1 கணக்கோ இயற்பியலோ அப்படியே நிற்கும். மேல்நிலைப் படிப்பு முடிந்துவிட்டதாகவே நினைத்துக் கல்லூரிக்குப் போவார்கள். சேர்க்கைக் குழு இரண்டு மதிப்பெண் பட்டியலையும் கேட்கும்போதுதான் விழிப்பார்கள். இரண்டையும் எடுத்து, எல்லாப் பாடத்துக்கும் நேரே தேர்ச்சி என்று இருக்கிறதா என வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, செய்முறை. நூறில் 35 எடுத்தால் போதும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். அதில் தனியாகக் குறைந்தபட்சம் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைக்கே வராமல் நின்றவர், அதையும் சேர்த்து எழுத விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். எழுத்துத் தேர்வை மட்டும் எழுதிவிட்டு வந்து, பட்டியலில் மறுபடியும் 'வரவில்லை' என்று பார்ப்பது ஓர் ஆண்டு வீண்.

துணைத்தேர்வு முடிவு வரும்போது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்குமே என்ற கவலை நியாயம்தான். ஆனால் அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு அதன் பிறகும் சேர்க்கை நடப்பது வழக்கம். பொறியியலில் துணைத்தேர்வில் தேறியவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு உண்டு. மேலூர், திருமங்கலம் அரசுக் கல்லூரிகளில் எந்தத் துறையில் இடம் இருக்கிறது என்று முடிவு வந்த மறுநாளே நேரில் போய்க் கேட்பது நல்லது. கணினி அறிவியலும் வணிகவியலும் நிறைந்திருக்கும். வரலாறு, பொருளியல், தமிழ், கணிதத்தில் இடம் கிடைக்கலாம்.

அடுத்தவர்கள், பத்தாம் வகுப்பு தேறி, பிளஸ் 1-லோ பிளஸ் 2-விலோ பாதியில் நின்றவர்கள். இவர்கள் பிளஸ் 2-வை முடித்துத்தான் மேலே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலிடெக்னிக் முதலாண்டுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மதுரையில் அரசு நடத்தும் தமிழ்நாடு பாலிடெக்னிக்கும் அரசு மகளிர் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கட்டணம் தனியார் பாலிடெக்னிக்கில் கேட்பதில் சிறு பகுதிதான். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. அதாவது பிளஸ் 2 எழுதாமலே பொறியியல் பட்டம் வரை செல்ல முறையான பாதை இருக்கிறது. இதைச் சொல்லித் தரவேண்டிய இடத்தில்தான் 'ஒரே சிட்டிங்' ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார்.

ஐ.டி.ஐ.யைப் பற்றி நம் ஊரில் இன்னும் ஒரு இளக்காரம் இருக்கிறது. பணக் கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவான கதவு இல்லை. எட்டாம் வகுப்பு தேர்ச்சியே போதும் என்ற தொழிற்பிரிவுகளும், பத்தாம் வகுப்பு கேட்கும் பிரிவுகளும் உண்டு. கே.புதூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகை, பாடநூல், சீருடை, வரைபடக் கருவி, மிதிவண்டி, பேருந்து அட்டை தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவருக்கு, மாணவியருக்கான புதுமைப் பெண் அல்லது மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ரூ.1,000 சேர்ந்தால் மாதம் ரூ.1,750 கைக்கு வரும். தனியார் ஐ.டி.ஐ.யில் இதே பிரிவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. தேறியவர் மேல்நிலை மொழித்தாள்களை எழுதினால் பிளஸ் 2-வுக்கு இணை. கவனிக்க: இரண்டாண்டுப் பிரிவாக இருக்க வேண்டும். வெல்டர் ஓராண்டுப் பிரிவு. அதை முடித்துவிட்டு இணைச் சான்று கேட்டால் கிடைக்காது. மேற்படிப்பு எண்ணம் இருப்பவர் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற இரண்டாண்டுப் பிரிவையே எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

பத்தாம் வகுப்பே எழுதாமல் நின்றவர் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அவர்கள் இடறுவது அறிவியல் செய்முறையில். செய்முறைப் பயிற்சிக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 விழுக்காடு வருகை காட்டினால்தான் தேர்வெழுத விடுவார்கள். பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே இந்தப் பதிவு முடிந்துவிடும். டுடோரியலில் பணம் கட்டிப் படித்துவிட்டு, இந்தப் பதிவைச் செய்யாமல் விட்டதால் ஹால் டிக்கெட் வராமல் போவது ஆண்டுதோறும் நடக்கிறது. டுடோரியலில் சேரும்போதே "செய்முறைப் பதிவு யார் செய்வது?" என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஏற்றது. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டு, ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் ஏற்கெனவே தேறிய பாடங்களில் இரண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். ஆக ஐந்துக்கு மூன்று எழுதினால் போதும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டாண்டு இடைவெளி வேண்டும் என்ற விதியை மறந்துவிடக் கூடாது. இந்தச் சான்றிதழோடு கல்லூரியில் சேரும்போது பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்று கேட்பார்கள். கட்டணம் கட்டும் முன்பே அதைப் பேசி முடியுங்கள். தமிழ்நாடு அரசு வேலைதான் குறி என்றால், எங்கள் யோசனை மாநில வாரியத் தேர்வையே எழுதி முடிப்பது. சற்றுச் சிரமம்தான், ஆனால் பின்னால் விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இனி 'ஒரே சிட்டிங்' கதை. பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்குப் பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களில் ஒரு வகை போலி. மற்றொரு வகை, உண்மையான பல்கலைக்கழகம்தான், ஆனால் அந்தப் பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது. 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை எண் 107-இன்படி, திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்பட வேண்டுமானால் பத்தாம் வகுப்பும் பிளஸ் 2-வும் முடித்த பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். பள்ளியை முடிக்காதவர்களுக்கான ஆயத்தப் படிப்பு வழியாக நேரே பட்டம் பெற்றவர்கள் தேர்வாணையத் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுக்கப்படுவது இதனால்தான். தொலைநிலைப் படிப்பில் சேர்பவர், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டுக்கு அனுமதி உண்டா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்க வேண்டும். 2024-25 முதல் மாணவர் தாமே அங்கே பதிந்து டெப் ஐடி என்ற பதிவு எண் எடுக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும்.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பணம்.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் ரூ.48, பதிவு ரூ.2, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ரூ.2 மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை குறிக்கலாம். இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டண வித்தியாசம் மிகப் பெரிது. சேர்க்கைக் கடிதத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்காமல், "பெரிய காலேஜ்ல சீட்டு கிடைச்சிருச்சு" என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. இதற்கு வருமான நிபந்தனை இல்லை. பாலிடெக்னிக், தொழிற்படிப்பு, முதுநிலைக்கு ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதே ரூ.2.5 லட்சம் வரம்பு. இது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடைக்காது. "ஸ்காலர்ஷிப் வந்துரும், இப்ப மேனேஜ்மென்ட்ல சேர்ந்துக்கோங்க" என்று சொல்லும் கல்லூரியிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டுமே மாதம் ரூ.1,000. ஆறு முதல் பன்னிரண்டு வரை (ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர் கடைசியாகப் படித்த வகுப்பு வரை) அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்தான், தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பு ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாறித் திரும்பி வந்திருந்தால்கூடத் தகுதி போய்விடும். பள்ளி மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணைப் போட்டதுமே அது தெரிந்துவிடுகிறது. தொலைநிலைக் கல்விக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தொகை கிடையாது. 'எப்படியோ ஒரு டிகிரி' என்று அஞ்சல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் மூன்றாண்டில் ரூ.36,000-ஐ விட்டுவிடுகிறார்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை, பொறியியலுக்குக் கலந்தாய்வில் சேர்ந்தால் மட்டுமே. சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு ரூ.25,000 வரை கட்டணம் குறையும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் டிப்ளமோ முடித்திருந்தால் அது தடையில்லை; டிப்ளமோ பட்டம் ஆகாது.

இவை எல்லாம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தகுதிக் குறைவு இல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். அல்லது வங்கிக் கணக்கு இருக்கும், ஆதாரோடு 'சீடிங்' (இணைப்பு) ஆகியிருக்காது. அல்லது அம்மா பெயரில் இருக்கும் பழைய கூட்டுக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கும். பணம் அனுப்பியதாகக் காட்டும், வந்திருக்காது. சேர்க்கைக்கு முன்பே மாணவர் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைக்க வேண்டும்" என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் இ-சேவை மையத்தில் தலா ரூ.60. ஜூன் மாத நெரிசலில் விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என ஒவ்வொரு மேசையிலும் தேங்கும். ஏப்ரலில் விண்ணப்பித்தால் அந்த அலைச்சல் இல்லை. கல்லூரியில் யுமிஸ் எனும் மாணவர் பதிவு எண் வந்த பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோமா என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அரசு விடுதி உண்டு. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். உணவும் தங்குமிடமும் இலவசம், வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். எழுமலையிலிருந்தோ கொட்டாம்பட்டியிலிருந்தோ வரும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணத்தைவிட இந்தச் செலவே பெரிது. இடம் குறைவு, சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாகத்தான் கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் பிளஸ் 2 அல்லது அதற்கு இணையான தேர்ச்சிக்குப் பிறகான படிப்புக்கே. ரூ.4 லட்சம் வரை கைப்பணமும் வேண்டாம், பிணையும் வேண்டாம். ரூ.7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் கீழ் பிணை தேவையில்லை. ஆனால் 4 லட்சத்துக்கு மேல் 5 விழுக்காடு நம் பங்கு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. தவணைதான் இல்லை, வட்டி ஓடும். ஆண்டுக்கு ரூ.75,000 வீதம் நான்காண்டு வாங்கினால் அசல் 3 லட்சம். 10 விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ரூ.1,05,000 சேர்ந்திருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் அல்லது என்.பி.ஏ. தரச்சான்று உள்ள நிறுவனத்தில் தொழில், தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தால் இந்த வட்டியை மத்திய அரசின் மானியம் ஏற்கும். படிப்பைப் பாதியில் விட்டால் அந்த மானியம் நின்றுவிடும். ஏற்கெனவே ஒருமுறை படிப்பை விட்ட பிள்ளைக்கு முதலாண்டே பெரிய கடன் எடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். விண்ணப்பம் வித்யாலட்சுமி இணையதளம் வழியாகவே போகட்டும், அப்போதுதான் பதிவு இருக்கும். மேலாளர் வாய்மொழியாக "கிடையாது" என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கியில் கொடுங்கள். மதுரைக்கு அது கனரா வங்கி.

பாதியில் நின்றவர்களைத் தனியார் பள்ளி கட்டணப் பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழ் தராமல் இழுத்தடிப்பதும் உண்டு. மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூல் கருவியாக்கக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. கல்லூரிகளுக்கும் விதி இருக்கிறது: மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் கட்டணம் முழுவதும், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு, கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றும் இல்லை. முழுத் தொகையைத் திருப்பும்போது நடைமுறைச் செலவுக்கு 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் ரூ.5,000 பிடிக்கலாம். துணைத்தேர்வு முடிவு வந்து அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பவர் இந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி அலுவலகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை.